அலாஸ்காவை ஆர்வியில் நண்பர்களோடு சுற்றிப் பார்ப்பது எப்படி

அலாஸ்காவுக்குச் செல்பவர்கள் காண விரும்பும் பெரிய காட்சிகளில் பலவும் நாள் குறித்துக் கிடைப்பவை அல்ல. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான டெனாலி (6,190 மீட்டர்) கோடையில் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு நாள்தான் மேகம் விலகித் தெரியும். கரடியும் மூஸ் மானும் எந்த வளைவில் எதிர்ப்படும் என்று எவராலும் சொல்ல இயலாது. கடலில் காற்று எழுந்துவிட்டால் பனியாறு பார்க்கச் செல்லும் படகு துறைமுகத்தை விட்டே கிளம்பாது. ஊர் ஊராக ஹோட்டல் அறைகளைப் பதிவு செய்துகொண்டு காரில் செல்பவர், மலை மறைந்திருக்கிறது என்பதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடியாமல் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். படுக்கையும் அடுப்பும் கழிவறையும் கூடவே வருகிற ஆர்விக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நினைத்த இடத்தில் நிறுத்திச் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, மேகம் விலகும்வரை உட்கார்ந்திருக்கலாம். அதற்கு ஏற்றபடி பயணத்தை வகுக்காமல், நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு மட்டும் ஆர்வி எடுப்பது, என் கணிப்பில், பணத்தைப் பெட்ரோலாக எரிப்பதுதான்.

இந்த வழிகாட்டி, நான்கு நண்பர்கள் ஆங்கரேஜ் நகரில் வண்டியை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு முதல் பதினான்கு நாள்களில் ஒரு சுற்று வந்து, அதே நகரில் ஒப்படைக்கும் பயணத்துக்கானது. கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக வண்டியிலேயே வருவதும் அருமையான பயணம்தான். 1942-இல் போர்க்கால அவசரத்தில் அமெரிக்க ராணுவம் வெட்டிய அந்தச் சாலை இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாட்டு விசாக்களும் வேண்டும், போவதற்கு மட்டுமே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அலுவலக விடுப்பில் செல்லும் குழுவுக்கு விமானத்தில் ஆங்கரேஜ் போய் இறங்குவதே பொருந்தும்.

எப்போது செல்வது

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் இங்கே சுற்றுலாப் பருவம். ஜூன் 21-ஐ ஒட்டி ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஏறத்தாழ 22 மணி நேரம் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும். மீதி நேரத்திலும் இருட்டு என்று சொல்லும்படி எதுவும் வராது. இரவு பதினொரு மணிக்கும் பனியாறு பார்க்கலாம் என்பது வசதி. கொசு அந்த நேரத்திலும் கடிக்கும் என்பது அதற்கான விலை. ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை உள்நாட்டுப் பகுதியில் கொசுத் தொல்லை கடுமையாக இருக்கும். வண்டி வாடகையும் அந்த வாரங்களில்தான் உச்சத்தில் நிற்கும்.

நண்பர் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் வாரமும் ஆகும். கொசு குறைந்திருக்கும், டெனாலிப் பகுதியின் துந்திரா நிலம் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறியிருக்கும், இரவு மீண்டும் இருட்டத் தொடங்குவதால் வானம் தெளிந்த நாள்களில் வடதுருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: தென்கடலோர ஊர்களான வால்டீஸிலும் சூவர்டிலும் அந்தப் பருவத்தில் மழை அதிகம். சாலையோரம் எங்கும் காணப்படும் ஃபயர்வீட் என்னும் செடியின் ஊதாநிறப் பூக்கள் தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி மலரும். நுனிவரை பூத்துவிட்டால் கோடை முடிந்தது என்பது உள்ளூர்க்காரர்களின் கணக்கு. மழைச்சட்டையும் நீர்புகாக் காலணியும் இல்லாமல் இந்தப் பயணத்துக்குக் கிளம்பவே கூடாது. ஜூனில் செல்பவர்கள் கண்ணை மறைக்கும் துணிப்பட்டையையும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்வியின் திரைகள் நள்ளிரவு வெளிச்சத்தை முழுதாகத் தடுப்பதில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வாடகை நிறுவனங்களில் பரவலாகக் கிடைப்பது ‘கிளாஸ் சி’ எனப்படும் வகை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். விளம்பரத்தில் ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால், நான்கு பேர் சண்டையில்லாமல் வாழலாம் என்று பொருள் கொள்ளுங்கள். ஆறு படுக்கைகளில் ஒன்று சாப்பாட்டு மேசையை இறக்கி உருவாக்குவது. அதில் படுப்பவர் எழுந்தால்தான் மற்றவர்களுக்குக் காலைக் காபி கிடைக்கும். நால்வருக்கு 24 முதல் 26 அடி நீள வண்டி போதும். அதைவிட நீண்டால் சிறிய ஊர்களில் நிறுத்துவதற்கும், சாலையோர ஒதுங்கிடங்களில் நுழைவதற்கும் சிரமம். குழுவில் ஆறேழு பேர் இருந்தால் பெரிய வண்டி ஒன்றுக்குப் பதிலாக ஆர்வியோடு ஒரு சிறிய காரையும் சேர்த்து எடுப்பதே நல்லது. ஒருவர் மலையேற விரும்பும்போது மற்றவர் கடைக்குப் போக நினைத்தால், ஒற்றை வண்டியில் வீட்டையே கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். எத்தனை படுக்கை என்று கேட்பதோடு நிற்காமல், சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்றும் கேளுங்கள். ஓடும் வண்டியில் மேல்படுக்கையில் யாரும் படுத்திருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை நால்வரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். முதலாவது, தடை செய்யப்பட்ட சாலைகள்: டால்டன் நெடுஞ்சாலை, டெனாலி நெடுஞ்சாலை, மெக்கார்த்தி சாலை ஆகிய சரளைக்கல் பாதைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. டெனாலி நெடுஞ்சாலை என்பது கேண்ட்வெல், பாக்ஸன் ஆகிய ஊர்களுக்கிடையே 135 மைல் நீளும் தனிச்சாலை. டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகும் தார்ச்சாலையின் பெயர் பார்க்ஸ் நெடுஞ்சாலை. கைப்பேசி வரைபடம் குறுக்குவழி என்று டெனாலி நெடுஞ்சாலையைக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டாவது, காப்பீட்டில் முன்கண்ணாடி சேர்ந்திருக்கிறதா என்பது. எதிரே வரும் லாரி தெறிக்கவிடும் கல்லால் கண்ணாடியில் கீறல் விழுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. மூன்றாவது, நாளுக்கு எத்தனை மைல் வாடகையில் அடக்கம் என்பது. நான் சொல்லப்போகும் சுற்று ஏறத்தாழ 1,300 மைல், அதாவது 2,100 கிலோமீட்டர் வரும்; பக்கத்துப் பாதைகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். வண்டியை எடுக்கும்போது உள்ளும் புறமும், கூரை விளிம்பு உட்பட, ஒருவர் காணொளி எடுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஊழியர் செய்து காட்டும் தண்ணீர், கேஸ், மின்சார விளக்கங்களைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். இரவு பத்து மணிக்கு ஹீட்டர் எரியாதபோது அந்தப் பதிவுதான் உதவும்.

முன்பதிவும் வழியும்

முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டியவை வண்டி, டெனாலி பூங்காவின் பேருந்தும் கேம்ப்கிரவுண்டும் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடம்), சூவர்டில் பனியாறு பார்க்கச் செல்லும் படகு ஆகிய மூன்றே. மற்ற இரவுகளை வெறுமையாக விட்டுவையுங்கள். மாநிலப் பூங்காக்களின் பல கேம்ப்கிரவுண்டுகளில் முதலில் வருபவருக்கே இடம் என்பதால், மாலை நான்கைந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். வார இறுதியில் மட்டும் கவனம் தேவை: ஆங்கரேஜ் மக்கள் வெள்ளிக்கிழமை மாலையே தூண்டிலும் படகுமாகத் தெற்கே கீனாய் தீபகற்பத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே சூவர்ட் செல்லும் நாள்கள் செவ்வாய் முதல் வியாழன் வரையில் அமையுமாறு முழுச் சுற்றையும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

சுற்றை ஆங்கரேஜிலிருந்து கிழக்கே தொடங்குவது நல்லது. வண்டி எடுக்கும் நாளில் மளிகை வாங்கி அடுக்கவே பொழுது போய்விடும். பக்கத்து ஊரான பால்மரில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை கிளென் நெடுஞ்சாலையில் ஏறினால், 101-ஆவது மைலில் மட்டனூஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரியும். இதன் நீளம் 27 மைல். அங்குள்ள மாநில ஒதுங்கிடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு நகர்பவர்களே அதிகம். பனிக்கட்டியின் மேல் நடக்க வேண்டுமானால் தனியார் நிலத்தின் வழியே, வழிகாட்டியுடன் கட்டணம் செலுத்திச் செல்ல வேண்டும். காலில் ஆணிப்பட்டை மாட்டிக்கொண்டு நீலப் பிளவுகளின் ஓரமாக நடக்கும் அந்த அரை நாளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேறெங்காவது சிக்கனம் பிடித்துக்கொள்ளலாம்.

கிளெனாலனில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் வால்டீஸ் வரும். இந்தக் கடைசி நூற்றுச் சொச்சம் மைலை அவசரமில்லாத ஒரு முழுப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வொர்த்திங்டன் பனியாறு சாலைக்கு மிக அருகில் இறங்கி நிற்கிறது. முழங்கால் வலி உள்ளவரும் சற்று நடந்து பார்க்கலாம். அதைத் தாண்டியதும் வரும் தாம்சன் கணவாயில் 1952-53 குளிர்காலத்தில் 974 அங்குலப் பனி பெய்தது, இது அலாஸ்காவின் பதிவில் உச்ச அளவு. பனி அகற்றும் வண்டிகளுக்குச் சாலை விளிம்பைக் காட்டுவதற்காக நட்டிருக்கும் நெடுங்கழிகளின் உயரத்தைப் பார்த்தாலே அந்தக் கணக்கு விளங்கிவிடும். கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். கீஸ்டோன் பள்ளத்தாக்கில் பிரைடல் வெயில், ஹார்ஸ்டெயில் என்னும் இரு அருவிகள் சாலையோரத்திலேயே கொட்டுகின்றன.

இன்று நாம் காணும் வால்டீஸ் இடம்பெயர்ந்த ஊர். 1964 மார்ச் 27 அன்று நிகழ்ந்த 9.2 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு பழைய ஊரைக் கைவிட்டு, சில மைல் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள சாலமன் கல்ச் மீன் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கோடையின் பிற்பகுதியில், நீர் ஏற்றத்தை ஒட்டிச் செல்லுங்கள். திரும்பி வரும் சால்மன் மீன்கள் தண்ணீரே தெரியாதபடி நெருக்கியடித்துக்கொண்டு தடுப்புச்சுவரில் மோதும். கடற்சிங்கங்கள் அவற்றைக் கவ்வி உதறும். கரையில் கரடி இறங்குவதும் உண்டு. எல்லாவற்றையும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி பார்க்கலாம், காசும் செலவில்லை. வால்டீஸிலிருந்து விட்டியர் செல்லும் அரசுப் பயணக் கப்பல் ஆர்வியையும் ஏற்றிக்கொள்ளும் என்பதால், நாள் குறைவானவர்கள் இங்கிருந்தே கடல் வழியாகத் தெற்குப் பகுதிக்குப் போய்விடலாம். அப்படிச் செய்தால் ஃபேர்பேங்க்ஸை விட்டுவிட வேண்டும்.

வடக்கே ஃபேர்பேங்க்ஸ் வரை 364 மைல். இதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வழியில் காப்பர் சென்டர் அருகே உள்ள பார்வையாளர் மையத்திலிருந்து, அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்காவான ராங்கெல்-செயின்ட் எலியாஸின் பனிமலைகள் வரிசையாகத் தெரியும். வழிநெடுகக் கூடவே வருவது அலாஸ்கா எண்ணெய்க் குழாய். வடகடலோரத்தின் புரூடோ விரிகுடாவிலிருந்து வால்டீஸ் வரை 800 மைல் நீளும் இதில் 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. ஏதாவது ஓர் ஒதுங்கிடத்தில் இறங்கி அருகில் சென்று பாருங்கள். குழாயைத் தாங்கும் தூண்களின் உச்சியில் உலோகத் தகடுகளாலான விசிறிபோன்ற அமைப்பு இருக்கும். எண்ணெயின் சூடு தூண் வழியாக இறங்கி, ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் அடிமண்ணை உருக்கிவிட்டால் குழாயே சாய்ந்துவிடும் என்பதால், அந்தச் சூட்டை மண்ணிலிருந்து உறிஞ்சிக் காற்றில் விடுவதற்கான ஏற்பாடு அது. குழாய் நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து செல்வதும், வெப்பத்தில் நீள்வதற்கும் நிலநடுக்கத்தில் அசைவதற்கும் இடம் விட்டே. பிக் டெல்டாவில் டனனா ஆற்றின் மேல் இக்குழாய் தொங்குபாலத்தில் கடக்கும் இடம் படம் எடுக்க ஏற்றது.

ஃபேர்பேங்க்ஸில் பல்கலைக்கழகத்தின் வடக்கு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள். ஆகஸ்ட் இறுதியில் செல்பவர்கள் நகர விளக்குகளைத் தவிர்த்து, 60 மைல் தொலைவிலுள்ள ‘சீனா’ (Chena) என்னும் வெந்நீர் ஊற்றுப் பக்கம் இரவு தங்கினால், வெந்நீரில் கழுத்தளவு அமர்ந்தபடி வடதுருவ ஒளியைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதற்கென ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் விழித்திருந்து, ஒளி தெரிந்தால் மற்ற மூவரையும் எழுப்ப வேண்டும். நால்வரும் சேர்ந்து விழித்திருந்தால் மறுநாள் வண்டி ஓட்ட ஆளிருக்காது.

டெனாலியில் மூன்று இரவு

ஃபேர்பேங்க்ஸிலிருந்து 120 மைல் தெற்கே, பார்க்ஸ் நெடுஞ்சாலையின் 237-ஆவது மைலில் டெனாலி தேசியப் பூங்காவின் வாயில் வருகிறது. சிகரத்துக்கு 2025-இல் அமெரிக்க ஒன்றிய அரசு மீண்டும் மெக்கின்லி என்று பெயரிட்டிருந்தாலும் பூங்காவின் பெயர் டெனாலிதான். வரைபடத்தில் இரண்டு பெயரும் தென்பட்டால் குழம்ப வேண்டாம்.

பூங்காவுக்குள் செல்வது 92 மைல் நீளமுள்ள ஒரே சாலை. முதல் 15 மைல் வரைதான், அதாவது சாவேஜ் ஆறு வரைதான், சொந்த வண்டிகளை விடுவார்கள். அதற்கு அப்பால் பூங்காப் பேருந்து. பிரெட்டி ராக்ஸ் என்னுமிடத்தில் ஏற்பட்ட நிலச்சரிவால் 2021 ஆகஸ்டிலிருந்து பேருந்துகள் 43-ஆவது மைலோடு திரும்பிவிடுகின்றன. அங்கே கட்டப்படும் பாலம் முடிந்து பாதை முழுதும் திறக்கும்வரை இதே நிலைதான் என்பதால், பதிவு செய்யும்போது எந்த மைல் வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் இரு வகை உண்டு. விளக்கவுரையோடு போய்வரும் சுற்றுலாப் பேருந்தில் ஏறியவர் அதிலேயே திரும்ப வேண்டும். நண்பர்களுக்கு ஏற்றது இன்னொன்று: விலையும் குறைவு, விரும்பிய இடத்தில் இறங்கி நடந்துவிட்டு, இடமிருந்தால் பின்னால் வரும் அதே வகைப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். நால்வரும் ஒன்றாக இறங்கினால் ஒரே பேருந்தில் நான்கு இடம் கிடைப்பதற்குக் காத்திருக்க நேரிடும். இருவர் இருவராகப் பிரிந்து ஏறுவதற்குத் தயாராக இருங்கள்.

தங்குவதற்கு இரண்டு தேர்வுகள். வாயிலை ஒட்டியுள்ள ரைலி கிரீக் கேம்ப்கிரவுண்டு, கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன், கடை, பார்வையாளர் மையம் எல்லாவற்றுக்கும் அருகில் இருக்கிறது. மற்றொன்று 29-ஆவது மைலில் உள்ள டெக்லனிகா. குறைந்தது மூன்று இரவு தங்குபவர்கள் மட்டும் தங்கள் ஆர்வியை அதுவரை ஓட்டிச் செல்லலாம், போன பிறகு கிளம்பும் நாள்வரை வண்டியை எடுக்கக் கூடாது. மற்றவர்கள் பேருந்தில்தான் வர முடிகிற காட்டுக்குள் சொந்த வீட்டோடு மூன்று நாள் இருக்க முடிவதால், இடம் கிடைத்தால் நான் டெக்லனிகாவையே தேர்வேன். இரண்டிலும் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைக் குறித்த நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். உள்ளே செல்லும்முன் தண்ணீரை நிரப்பி, கழிவைக் காலி செய்து, மளிகையைச் சரிபார்த்துவிடுங்கள்.

விலங்குகளைக் காண்பதற்கு நல்ல கண்ணைவிட நல்ல பொறுமை வேண்டும். 8 மடங்கு உருப்பெருக்கும் பைனாகுலர் ஆளுக்கொன்று இருந்தால், ‘எங்கே, எங்கே’ என்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறிக்கும்போது விலங்கு போய்விடும் அவலம் இருக்காது. மலைச்சரிவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள்: பக்கத்திலுள்ள ஒரு பாறையை அடையாளமாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். புள்ளிக்கும் பாறைக்கும் இடையிலான தூரம் மாறினால் அது டால் ஆடு, மாறாவிட்டால் எஞ்சிய பனித்திட்டு. கரடியைத் தேடுவதற்கு ஆற்றுப்படுகையும், பெர்ரி பழுத்த சரிவும் பொருத்தமான இடங்கள்; மூஸ் மானுக்குச் சாலையோர வில்லோப் புதர்கள். பூங்கா விதிப்படி கரடியிடமிருந்து 300 கஜமும், மூஸிடமிருந்து 25 கஜமும் விலகி நிற்க வேண்டும். கன்றோடு நிற்கும் தாய் மூஸிடம் அதற்கும் மேல் விலகுங்கள். சாதுவாகத் தோன்றுவதால் பலரும் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மழை பெய்தால் பூங்காவின் நாய்க்கொட்டிலுக்குப் போகலாம். குளிர்காலத்தில் காவலர்களின் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களைக் கோடையில் கட்டணமில்லாமல் காட்டுகிறார்கள்.

சிகரத்தைப் பார்ப்பதற்குப் பூங்காவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தெற்கே இறங்கும் வழியில் 163, 135 ஆகிய மைல்களை ஒட்டி இரண்டு பார்வைத்தளங்கள் இருக்கின்றன. 135-ஐ ஒட்டியே கெஸுகி கென் கேம்ப்கிரவுண்டும் இருப்பதால், கையில் மிச்சம் வைத்திருக்கும் நாளை இங்கே செலவிடுங்கள். மேகம் பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும் விலகும் என்பதால் பக்கத்திலேயே படுத்திருப்பவருக்குத்தான் மலை கிடைக்கும். வானம் தெளிந்தால் உடனே டால்கீட்னா சென்று, சிகரத்தைச் சுற்றிப் பனியாற்றில் இறங்கும் சிறிய விமானத்துக்கு அன்றைய இடம் கேட்டுப் பாருங்கள். நால்வரில் ஒருவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஆற்றங்கரையிலிருந்தே மலை தெரியும் ஊர்தான் அது.

சூவர்டும் கடலும்

ஆங்கரேஜைக் கடந்து தெற்கே சூவர்ட் வரை 127 மைல். டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டிய முதல் பாதியில் முகப்பு விளக்கைப் பகலிலும் எரியவிட வேண்டும் என்று பலகைகள் சொல்கின்றன. பெலூகா முனையில் நிறுத்தி வெள்ளைத் திமிங்கிலங்களைத் தேடலாம். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி, கடல் ஏறும்போது ஒற்றை அலை கழியின் அகலம் முழுதும் சுவர்போல் எழுந்து வரும். நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்துக்கொண்டு, ஓர் ஒதுங்கிடத்தில் முன்னதாகவே போய் நில்லுங்கள். நீர் வடிந்த சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள். பனியாறு அரைத்த நுண்பொடியாலான அந்தச் சேறு காலைக் கவ்விக்கொண்டால் தானாக மீள முடியாது, அடுத்த நீர் ஏற்றம் வேகமாக வரும்.

சூவர்டில் படகுப் பயணத்தை மூன்று நாள் தங்கலின் முதல் முழு நாளில் வையுங்கள். காற்றால் ரத்தானால் மறுநாளைக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும். ஆறு மணி நேரப் படகு, கடலில் விழும் பனியாறு ஒன்றின் முன் எஞ்சினை அணைத்து நிற்கும். விரிகுடாவை விட்டு வெளிக்கடலுக்குள் நுழையும் இடத்தில் ஆட்டம் அதிகம். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. மற்ற நாளில் எக்ஸிட் பனியாற்றுக்குச் செல்லுங்கள். அந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று ஆண்டு எண் தாங்கிய பலகைகள், பனியாற்றை அடைவதற்கு வெகு முன்பே சாலையோரத்தில் தொடங்கிவிடும்.

வண்டியில் வாழ்வதும் ஓட்டுவதும்

ஆர்வியில் தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீர், சமையல் மற்றும் குளியல் கழிவுநீர், கழிவறைக் கழிவு. நால்வரும் வீட்டில்போல் குளித்தால் நல்ல தண்ணீர் ஒரே நாளில் தீர்ந்துவிடும். கேம்ப்கிரவுண்டிலும் ஊர்களிலும் உள்ள பொதுக் குளியலறைகளைப் பயன்படுத்துங்கள். காலி செய்யும்போது கையுறை அணிந்து, முதலில் கழிவறைத் தொட்டியையும் பிறகு மற்றதையும் திறக்க வேண்டும். இரண்டாவதின் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கழிவறைத் தொட்டியின் வால்வு மற்ற நேரங்களில் மூடியே இருக்கட்டும், திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து திடக்கழிவு அடியில் இறுகிவிடும். இந்த வேலை சுழற்சி முறையில் வரும் என்று பயணத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதை மன்னிக்கும் நட்புகூட இதை ஒருவர் தலையிலேயே கட்டினால் மன்னிக்காது.

வண்டியின் கேஸ் அடுப்பில் குக்கர் வைப்பதில் சிக்கல் இல்லை. தாளிப்பதுதான் சிக்கல்: மிளகாய் கருகிய மறுகணம் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். விசிறியை ஓடவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, தாளிதத்தைக் கடைசியில் முடியுங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பொடிகளையும் பருப்பையும் சுங்கப் படிவத்தில் அறிவித்துக் கொண்டுவரலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. சாப்பிட்டபின் வெளிமேசையில் எதையும் விட்டுவைக்காமல், எச்சில் தட்டு உட்பட அனைத்தையும் வண்டிக்குள் எடுத்துப் பூட்டுங்கள், கரடிக்கு வாசனையே அழைப்பு.

ஓட்டுவதில் ஒரு நாளைக்கு 200 மைலை வரம்பாக வையுங்கள். உறைநிலம் உருகி இறங்கிய பகுதிகளில் சாலை அலைபோல் மேடுபள்ளமாக இருக்கும், வேகமாகப் போனால் அலமாரிகள் திறந்து பாத்திரங்கள் பறக்கும். பின்னால் ஐந்து வண்டிகள் தேங்கிவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். ஓட்டுநர் காட்சி பார்க்கக் கூடாது. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வழியையும் ஒதுங்கிடங்களையும் கவனிக்க, பின்னால் உள்ள இருவர் ஆளுக்கொரு பக்கம் பார்த்து வரட்டும். விலங்கு தெரிந்தால் ‘நிறுத்து’ என்று கத்துவதற்குப் பதிலாக, ‘வலப்பக்கம் மூஸ், அடுத்த ஒதுங்கிடத்தில் நிறுத்தலாம்’ என்று சொல்லிப் பழகுங்கள்; நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி திடீரென நிற்காது, நடுச்சாலையில் நிற்கவும் கூடாது. ஊர்களுக்கு இடையே கைப்பேசி இணைப்பு அறுந்துவிடும் என்பதால் வரைபடங்களை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே போக விட வேண்டாம்.

எரிபொருள், கேம்ப்கிரவுண்டு, மளிகை ஆகிய மூன்றுக்கும் பொதுப்பணம்; விமானம், படகு, பனி நடை போன்றவை அவரவர் செலவு. இந்தப் பிரிப்பு முன்பே தெளிவாக இருந்தால், ஒருவர் எதையாவது வேண்டாம் என்று சொல்வது மற்றவர்களுக்குப் பாரமாகாது.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவை ஆங்கரேஜுக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கழியுங்கள். காலையில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, எரிபொருளையும் கேஸையும் ஒப்பந்தப்படி நிரப்பி, உள்ளே பெருக்கித் துடைப்பதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் நிறுவனங்கள் விதிக்கும் துப்புரவுக் கட்டணம் கணிசமானது. முதல் நாள் எடுத்த காணொளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊழியரோடு வண்டியைச் சுற்றி வாருங்கள். மிஞ்சிய அரிசி, எண்ணெய், கரடிக்கான மிளகுத் தெளிப்பான் ஆகியவற்றைக் கேம்ப்கிரவுண்டிலேயே அடுத்து வந்தவர்களிடம் கொடுத்துவிடலாம். தெளிப்பானைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.